தனிச் சட்டி

அரிசி விலை ஏறி, நாடெங்கும் கடையடைப்பும் கலவரமுமாக இருந்த வருஷத்தில்தான் நாகலெட்சுமி தனக்கென்று ஒரு மண்சட்டி வாங்கினாள். கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அது சின்னக் காரியமில்லை. அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு பிரியும்போதுதான் ஒரு வீட்டில் இரண்டு உலை கொதிக்கும். ஒரே அறைக் காம்பராவில், ஒரே அடுப்பில், மாமியார் சட்டியை இறக்கி வைத்த சூடு ஆறுமுன்னே மருமகள் தனக்கு மட்டும் உலை வைப்பதை அந்த லயம் அதுவரை கண்டதில்லை. அதுவும் அரிசி உலை. வீட்டில் மற்றவர்களுக்குக் கோதுமை மாவு ரொட்டி.

"துரைசாணிக்குக் கஞ்சி கொதிக்குது, யாரும் சத்தம் போடாதீங்க" என்பாள் மாமியார் காளியாயி. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. காளியாயி வீட்டுக்குள் சொன்னது பக்கத்துக் காம்பரா வேலாயிக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

நோய், நாகலெட்சுமி கல்யாணமாகி வந்த அடுத்த மழையில் தொடங்கியது. சாதாரண வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்தார்கள். மழைக்காலத்தில் லயத்தில் யாருக்குத்தான் வயிறு போகவில்லை? மற்றவர்களுக்கு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. சளியும் இரத்தமுமாகப் போனது. கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு முறுக்கும். கூடையை அப்படியே போட்டுவிட்டுத் தேயிலைக்குள் ஓடுவாள். திரும்பி வந்து நாலு கை கொழுந்து கிள்ளுவதற்குள் மறுபடியும் முறுக்கும். சாயங்காலம் தராசு பிடிக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அவள் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ கொழுந்தெடுக்க வரல, மலைக்கு எரு போட வந்திருக்கா. அரைப்பேர் போடு" என்பார். அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். சுற்றி நிற்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். மூடாமல் சிரிப்பவர்களும் உண்டு.

காளியாயிக்கு அது நோயென்று தோன்றவே இல்லை. அவள் மகன் ஆண்டியப்பனை முதலில் நாகலெட்சுமியின் சித்தி மகளுக்குத்தான் பேசியிருந்தார்கள். அது முறிந்து இவளுக்குப் போனது. "வயித்தெரிச்சல்ல அவ சித்திக்காரி சோத்துல மருந்து வச்சிட்டா" என்று காளியாயி தீர்த்துச் சொன்னாள். ஆகாதவர்கள் சோற்றிலோ பலகாரத்திலோ எதையாவது கலந்து கொடுத்தால் அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கிவிடும் என்பது அங்கே எல்லாரும் நம்பிய விஷயம். அட்டன் பக்கமிருந்து மருந்து எடுக்கிறவனை வரவழைத்தாள். அவன் நாகலெட்சுமியின் தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, முடி சுற்றிய கறுத்த உருண்டையொன்றை வெற்றிலையில் துப்பிக் காட்டினான்.

"பொம்பளைக் கை. சோறு போட்ட கை" என்றான்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று காளியாயி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். அன்றிலிருந்து நாகலெட்சுமி தாய்வீட்டுப் பக்கம் போகக்கூடாதென்று ஆயிற்று. வயிறு மட்டும் முன்னைப்போலவே போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அவளை நுவரெலியாவுக்கு அனுப்பியவர் தோட்டத்து மருந்துக்கார ஐயா இராசரத்தினம்தான். யாழ்ப்பாணத்துக்காரர், சிடுசிடுப்பானவர். பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, கொஞ்சம் இரத்தம் நின்று அவள் திரும்பி வந்தபோது, அங்கே எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு அவர்தான் விளக்கமும் சொன்னார்.

"உன்ர குடலுக்குள்ள புண் பிள்ளை. இது வரும், போகும், திரும்பவும் வரும். முழுக்க மாறுமெண்டு நான் பொய் சொல்லமாட்டன். குளிசை விழுங்கிறது ஒரு பக்கம். சாப்பாட்டிலயும் நீதான் கவனமா இருக்கவேணும். உறைப்பு, தேங்காய்ப்பூ, பருப்பு, பால் எல்லாத்தையும் நிப்பாட்டு. குழையக் காய்ச்சின சோறு, அவிச்ச கரட், அப்பிடி ஏதும் சாப்பிடு. ஒராளுக்கு ஒத்துவாறது இன்னொராளுக்கு ஒத்துவராது. எது உனக்குச் சரி எண்டு நீதான் பார்த்துப் பிடிக்கவேணும். விளங்குதே?"

அவளுக்கு விளங்கியது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் விளங்கவில்லை. அவள் வீட்டில் காலையில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். மத்தியானம் மலையில் அதே ரொட்டி. இரவில் கருவாட்டுக் குழம்பு. அப்படித்தான் அந்தச் சட்டி வந்தது.

பார்த்துப் பிடிக்க அவளுக்கு ஒரு மழையும் ஒரு வெயிலும் ஆயின. அரிசியைக் குழையவிட்டு, மத்தால் கடைந்து, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தால் வயிறு பேசாமல் கிடந்தது. கரட்டை அவித்துப் பிசைந்தால் ஏற்றுக்கொண்டது, பூசணியையும் ஏற்றுக்கொண்டது. கீரை ஆகவில்லை. உருளைக்கிழங்கு தோலில்லாமல் ஆனது, தோலோடு ஆகவில்லை. பால் விட்ட தேத்தண்ணி குடித்த அன்று படுக்கவே முடியவில்லை. ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட்டால் நல்ல சாப்பாடும் கெட்ட சாப்பாடாகிவிடும் என்பதையும் கண்டுகொண்டாள். அதனால் போத்தலில் கஞ்சி கொண்டுபோய் தேயிலை நிரைக்கு நிரை நின்று இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கொழுந்தெடுத்தாள். கணக்கப்பிள்ளை அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார். ஆனால் இப்போது கூடை நிறைந்தது. முழுப்பேர் விழுந்தது. கன்னத்தில் சதை வந்தது. இரவிக்கையின் கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

நாத்தனார் மீனம்மாதான் அதை முதலில் பார்த்துச் சொன்னாள். "மதினி, நீங்க இவ்வளவு அழகுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்று சிரித்தாள். மீனம்மாவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த பொன்னையாவின் மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று வாய்ப்பேச்சு முடிந்திருந்தது. அம்மா இல்லாத நேரத்தில் மீனம்மா மதினியின் சட்டிக்கு விறகு தள்ளிக் கொடுப்பாள். அந்த வீட்டில் நாகலெட்சுமிக்குக் கிடைத்த நல்லது அவ்வளவுதான். ஆண்டியப்பன் நல்லவன் என்று சொல்லலாம், அம்மாவுக்கு முன்னால் வாயைத் திறக்காத நல்லவன்.

மீனம்மா சிரித்துச் சொன்னதையே பீலிக்கரையில் வேலாயி வேறு மாதிரிச் சொன்னாள். மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் லயத்துப் பெண்கள் துவைப்பார்கள், குளிப்பார்கள், ஊரைப் பிரித்துப் போடுவார்கள்.

"ஏ நாகு, நல்லா தேறிட்டியே! மாமியா கைச் சோத்தை விட்டதும் தேறிட்டே போலருக்கு."

"குடல்ல புண்ணுக்கா. பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க."

"ஆமாமா, புண்ணுதான். சும்மா கெடந்த குடல்ல புண்ணு எப்படி வந்துச்சாம்?"

"அது அவங்களுக்கே தெரியலையாம்க்கா."

"தெரியாதவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவன் அன்னிக்கே சொன்னான்ல? சோறு போட்ட கைன்னு." வேலாயி துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். "சித்திக்காரி என்னமோ ஒரு வேளை போட்டிருப்பா. தெனம் போட்டது யாரு?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா. அத்தை அப்படிப்பட்டவங்க இல்ல."

"பாவம், பயந்து சொல்றா" என்றாள் இன்னொருத்தி.

அவள் மறுக்க மறுக்க அது உறுதியானது. தனிச் சட்டியில் தின்றாள், தேறினாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வாரம் முடிவதற்குள் காளியாயி வீட்டு அடுப்பிலிருந்து யாரும் நெருப்பு வாங்க வரவில்லை. காளியாயி முழங்கால் வலியால் கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பதுதான் வேலை. இப்போது இரண்டு மூன்று பேர் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே மலைக்குப் போனார்கள்.

காளியாயி நாகலெட்சுமியின் மயிரைப் பிடித்தாள். "என்னடி சொன்னே பீலியில?"

"நான் ஒன்னும் சொல்லல அத்தே. இல்லேன்னுதான் சொன்னேன்."

"இல்லேன்னு ஏண்டி சொன்னே? இல்லேன்னு சொன்னா உண்டுன்னு அர்த்தம்!"

பேச்சு நானுஓயா வரைக்கும் போக அதிக நாள் ஆகவில்லை. பொன்னையா தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். தின்னக் கொடுத்ததைத் தொடவில்லை. தேத்தண்ணியைக்கூடத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கு எங்க வீட்டுல சோறு போடப்போறவ உங்க மக. தாய்க்குத் தெரிஞ்ச வித்தை மகளுக்குத் தெரியாம இருக்குமான்னு என் சம்சாரம் கேக்குறா. நான் என்ன பதில் சொல்ல?"

"கங்காணி, மாரியாத்தா சத்தியமா—"

"சத்தியமெல்லாம் வேணாம். ஞாயித்துக்கெழமை வர்றோம். நீங்க ஆக்குங்க. எங்க கண்ணு முன்னால, எங்களுக்கு முன்னாடி, உங்க மருமக அந்தச் சட்டிச் சோத்தைத் திங்கட்டும். நாங்க வெத்தல போட்டு, பேசி, சும்மா உக்காந்திருப்போம். பொழுது எறங்குறவரைக்கும் அவளுக்கு ஒன்னும் ஆகலேன்னா நாங்களும் அதே சட்டியில திங்கிறோம். பரிசத்துக்கு நாள் குறிக்கிறோம். ஏதாச்சும் ஆச்சுன்னா, எழுந்து போயிருவோம். அவ்வளவுதான்."

மூலையில் நின்ற நாகலெட்சுமியை அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மீனம்மாவும் பார்த்தாள்.

சனிக்கிழமை முழுக்க நாகலெட்சுமி தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிக்கவில்லை. குடல் காலியாக இருந்தால் கொஞ்ச நேரமாவது தாங்கும் என்று கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காளியாயி கோழியை அறுத்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தே, காரத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன். தேங்காயும் போடாம..."

"போடாம ஆக்குனா, மருமகளுக்குன்னு பார்த்துப் பார்த்து ஆக்கியிருக்கான்னு சொல்லமாட்டானுங்களா?" காளியாயி மிளகாயை அம்மியில் அள்ளி வைத்தாள். ஒரு கை வைத்தாள்; யோசித்துவிட்டு இன்னொரு கை வைத்தாள்.

மீனம்மா கஞ்சி போட்ட புதுச் சேலையோடு வந்து மதினியின் கையைப் பிடித்தாள். "இந்த ஒரு நாள் மதினி. ஒரே ஒரு நாள். அப்புறம் உங்களை யாரும் ஒன்னும் சொல்லாம நான் பார்த்துக்கிறேன்."

வாசலில் படங்குச் சாக்கை விரித்தார்கள். பொன்னையா வீட்டார் ஒரு பக்கம், லயத்துச் சனம் ஒரு பக்கம். நடுவில் நாகலெட்சுமி. காளியாயி தட்டில் ரொட்டியை அடுக்கி, மேலே சிவக்கச் சிவக்கக் கோழிக் குழம்பை ஊற்றினாள். சம்பலையும் வைத்தாள். நாகலெட்சுமி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, மாவாகும்வரை மென்றாள்.

"என்னா கொறிக்கிற? அள்ளித் தின்னும்மா" என்றாள் காளியாயி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மருமகளை அம்மா என்று கூப்பிட்டது அன்றுதான்.

நாகலெட்சுமி அள்ளித் தின்றாள். தட்டு காலியானது. காளியாயி இன்னொரு ரொட்டி வைத்தாள். அதையும் தின்றாள். வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. பேச்சு கவ்வாத்து வெட்டைப் பற்றியும், புதுத் துரையைப் பற்றியும், பட்டிப்பொலையில் பனி விழுந்து உருளைக்கிழங்கு கருகினதைப் பற்றியும் போயிற்று. யாரும் அவளைப் பார்க்காத மாதிரி எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் முறுக்கு வந்தபோது அவள் சேலை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்தாள். அடிவயிற்றில் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல் இருந்தது. பிழிந்து விட்டார்கள், மறுபடி பிழிந்தார்கள். குதிகாலை அடியில் கொடுத்து அழுத்தி உட்கார்ந்தாள். முதுகில் வேர்வை இறங்கியது. நல்லவேளை, மழைத்தூறல் போட்டது. முகத்து ஈரத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது.

"என்ன நாகு, வயித்தைப் புடிக்கிற?" என்று வேலாயி கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள். பொன்னையா திரும்பிப் பார்த்தார்.

"ரொம்ப நாளாச்சுல்ல ருசியா தின்னு. வயிறு முட்டிப்போச்சுக்கா" என்று நாகலெட்சுமி சிரித்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னையாவும் சிரித்தார். பள்ளத்தில் தேயிலை ஆலையின் தகரக் கூரை மங்கி, மலை இருட்ட ஆரம்பித்ததும் அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்கும் எலையப் போடுங்க சம்மந்தி" என்றார். ஆண்டியப்பன் ஓடிப்போய் வாழையிலை கொண்டுவந்தான். மீனம்மா உள்ளே அழுதாள். அந்தச் சந்தடியில் நாகலெட்சுமி எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே கொஞ்சம் போய்விட்டது. சுவரோரமாக நடந்து, லயத்தின் பின்பக்கம் வந்ததும் ஓடினாள். தேயிலைக்குள் குந்தியபோது இரத்தமாகத்தான் போனது.

மறுநாள் காலையில் பார்த்தால் சட்டியைக் காணோம். காளியாயி அதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க முற்றத்தில் போட்டிருந்தாள்.

"அத்தே, என் சட்டி..."

"இனி எதுக்கு? நேத்துத்தான் ஊரே பார்த்துச்சே, ரெண்டு ரொட்டி தின்னதை."

வேலாயியின் குரல் சுவருக்கு மேலால் வந்தது. "அதானே! அப்ப இத்தன நாளும் அரிசிச் சோறு திங்கிறதுக்குப் போட்ட நாடகமா? நல்லா ஏமாத்துனாடீ எங்களை!"

நாகலெட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தே, நேத்துலேருந்து ரத்தமாப் போகுது."

"தெரியும். உன் பாவாடையைப் பார்த்தேன்." காளியாயி அவள் காதருகே வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அடுத்த வேலையைச் சொல்கிறவள் முகம் அது. "இப்ப மறுபடியும் நீ தனிச் சட்டி வச்சா என்ன சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியும். கல்யாணம் முடியிற வரைக்கும் வாயையும் மூடிக்க, மத்ததையும் மூடிக்க."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் எந்தச் சட்டியில வேணாலும் தின்னுக்க. இருந்தா."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தைக்கு இன்னும் காலம் கிடந்தது. காலையில் ரொட்டியும் சம்பலும் அவள் முன்னால் வந்தன. காளியாயி எதிரில் உட்கார்ந்து அவள் விழுங்குவதைப் பார்த்தாள். நாகலெட்சுமி பாதியை மடியில் மறைத்துக் கொண்டுபோய் வீசினாள். பட்டினி கிடந்தால் மலையேற முடியவில்லை; தின்றால் நிற்க முடியவில்லை. அரைப்பேர் திரும்பி வந்தது. கணக்கப்பிள்ளைக்குப் பழைய பேச்செல்லாம் ஞாபகமிருந்தது. மருந்துக்கார ஐயாவிடம் போனாள். அவர் குளிசை கொடுத்தார், திட்டினார். "கஞ்சி குடிக்கிறதை ஏன் விட்டனீ? உனக்குச் சாக ஆசையோ?" என்றார். அவள் குளிசையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கந்தல் துணிகளை லயத்துக்குக் கீழே, யாரும் போகாத வடிகால் கானில் அலசினாள். இரத்தம் போனாலும் மணம் போகவில்லை.

ஆண்டியப்பனிடம் சொன்னாள். அவன் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டான். "கொஞ்சம் பொறுத்துக்க புள்ள. தங்கச்சி ஒருத்தி. அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டா அப்புறம் நாம நம்ம பாட்டைப் பார்க்கலாம்" என்றான்.

கடைசியாக மீனம்மாவிடம் கேட்டாள். காளியாயி பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருந்த ஒரு வேலைநாள். சுகமில்லையென்று நாகலெட்சுமி வேலைக்குப் போகாமல் சாக்கில் சுருண்டு கிடந்தாள்.

"மீனா, ஒரு பிடி அரிசி வேக வச்சு, அந்தத் தண்ணியை மட்டும் குடேன். யாருக்கும் தெரியாது. அது போதும் எனக்கு."

மீனம்மா வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னையா வீட்டிலிருந்து வந்த கண்ணாடி வளையல். அவள் சுவரின் மேல் இடைவெளியை அண்ணாந்து பார்த்தாள்.

"கஞ்சி வாசம் அந்தப் பக்கம் போகும் மதினி. வேலாயியக்கா இன்னிக்கு வீட்டுலதான் இருக்கு. ஏதாவது சொல்லிட்டா? தை வரைக்கும்தானே? கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டா ஓடிப்போயிரும்." சொல்லிவிட்டு அவள் வளையலைக் கழற்றி மறுபடி போட்டாள்.

நாகலெட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் கட்டியிருந்த பாவாடையையும் கந்தல்களையும் ஒரு வாளியில் போட்டாள். "எங்க போறீங்க?" என்று மீனம்மா கேட்டாள். "தொவைக்க" என்றாள்.

வேலை விட்டுப் பெண்கள் திரும்புகிற வேளை. பீலிக்கரையில் கால் வைக்க இடமில்லை. நாகலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தண்ணீர் நேராக விழுகிற நடுக்கல்லில் பாவாடையை விரித்தாள். சிவந்த தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து, பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த பெண்களின் கால்களைச் சுற்றி ஓடியது. ஒருத்தி காலைத் தூக்கிக்கொண்டாள்.

வேலாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னடி இது? வீட்டுக்குத் தூரமா?"

"இல்லக்கா. அது போன வாரமே முடிஞ்சிருச்சு."

"அப்ப?"

"வயித்தாலதான் போகுது."

"எப்பலேருந்து?"

"அந்த ஞாயித்துக்கெழமையிலேருந்து."

வேலாயி இன்னும் கிட்ட வந்தாள். "இப்ப சோறு யாரு ஆக்குறா?"

"அத்தைதான்."

"உன் சட்டி?"

"அத்தை எடுத்துட்டாங்க."

"தின்ன மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"எதுக்க உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்காங்கக்கா."

அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யாரையும் ஏசவில்லை. கண்ணீர் விடவில்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டு, துணியைத் திருப்பிப் போட்டு அலசினாள். குடல் புண் என்று மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காளியாயிக்கு நடந்ததை நாகலெட்சுமி வீட்டுக்குள் படுத்தபடியே கேட்டாள். அடுத்த காலை பிள்ளைக்காம்பரா வாசலில் தாய்மார் கூடி நின்று, இவள் கையால் பால் கொடுத்தால் ஒருத்தியும் மலைக்குப் போகமாட்டோம் என்றார்கள். கணக்கப்பிள்ளை பெரிய துரையிடம் போனார். காளியாயிக்கு மறுபடியும் கொழுந்துக் கூடை கொடுக்கப்பட்டது. அவள் கற்பூரத்தை உள்ளங்கையில் கொளுத்திக் கோயில் வாசலில் சத்தியம் செய்தாள். கை பொத்துப்போனதுதான் மிச்சம். "பொய்ச் சத்தியம், அதான் கையைச் சுட்டுருச்சு" என்றார்கள். பொன்னையா வீட்டிலிருந்து யாரும் நேரில் வரவில்லை. ஒரு ஆளை அனுப்பினார்கள். அவன் வாசலில் நின்றபடியே, கொடுத்த சேலையையும் வளையலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஒரு வளையல் உடைந்திருந்தது. அதை மீனம்மா கழற்றும்போது கைப்பட உடைத்திருந்தாள்.

ஆண்டியப்பன் அம்மாவுக்கு முன்னால் முதன்முதலாக வாயைத் திறந்தான். "நீயும் தங்கச்சியும் இஸ்தோப்புல ஆக்கிக்குங்க. அவ உள்ள ஆக்கிக்கட்டும்." வீட்டுக்கு முன்னாலிருந்த அந்தச் சின்ன ஒடுக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு போட்டுக்கொடுத்தான். தனி உலை இப்போது காளியாயியுடையதாகிவிட்டது.

அன்று மாலை காளியாயி மலையிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்து, கூடையை இறக்காமலே உள்வாசலில் நின்றாள். கையில் சுற்றிய துணி நனைந்திருந்தது.

"நான் வைக்கலடி."

"தெரியும் அத்தே."

"வெளிய சொல்லுடி அதை. எனக்காக வேணாம். அந்தப் புள்ளைக்காகச் சொல்லு."

"முன்னேயே சொன்னேனே அத்தே. இல்லேன்னு சொன்னா உண்டுன்னு அர்த்தம்னு நீங்கதானே சொன்னீங்க?"

காளியாயி திரும்பி இஸ்தோப்புக்குப் போய்க் கூடையை இறக்கினாள். அவள் குந்தும்போது முழங்கால் சொடுக்கிய சத்தம் உள்ளே கேட்டது.

நாகலெட்சுமி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். குழைய விட்டு, கடைந்து, வடித்தாள். வாசம் சுவருக்கு மேலால் எல்லாப் பக்கமும் போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மீனம்மா விறகுக்கட்டு எடுக்க உள்ளே வந்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் தின்றிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இஸ்தோப்பில் ஈர விறகு பற்றாமல் புகைந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் குடிக்கிறியா மீனா?"

மீனம்மா நின்றாள். கஞ்சியைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள்.

"உங்க கையால நான் திங்கமாட்டேன்" என்றாள்.

விறகை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனதும், நாகலெட்சுமி கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். சூடு ஆறும்வரை காத்திருந்து, மிடறு மிடறாகக் குடித்தாள். இஸ்தோப்பில் ஒருத்தி அழுவதும் ஒருத்தி புகையில் இருமுவதும் கேட்டுக்கொண்டிருந்தன. அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அது பேசாமல் கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.